கயிறு கட்டிய ஸ்பேனர்

பத்தாம் நம்பர் ஸ்பேனர் அது. துருவேறிய தலை, கைபட்டுக் கைபட்டு வழவழவென்று ஆகிவிட்ட தண்டு, தண்டின் ஓட்டையில் நீல நைலான் கயிறு. அப்பாவுடையது. போட்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், கையிலிருந்து நழுவுகிற சாமான் கடலுக்குத்தான் போகும், அதை எவனும் முங்கி எடுத்துத் தரமாட்டான். அதனால் அப்பா தன்னிடமிருந்த ஒவ்வொரு சாமானுக்கும் கிழிந்த வலையின் கயிற்றைக் கட்டி, வேலை செய்யும்போது அந்தக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்வார். போன வாரம் காலையில் என் கார் கிளம்ப மாட்டேன் என்று நின்றபோது, எலக்ட்ரீசியன் அண்ணாச்சி வந்து பானெட்டைத் திறந்தார். பையைத் துழாவிவிட்டு, "தங்கச்சி, பத்தாம் நம்பரக் காணல. ஒங்ககிட்ட ஏதும் கெடக்கா?" என்று கேட்டார். டேஷ்போர்டு பெட்டிக்குள் கிடந்த இந்த ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். வாங்கியவர் கயிற்றைப் பார்த்ததும் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

எனக்கு அலுவலகத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போது எங்கள் ஏஜென்சி அலுவலகத்துக்குப் பிந்திப் போனால் முதலாளி கேட்கிற கேள்விக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். "பழைய பேட்டரியச் சும்மா கழட்டிப் போட்டுட்டுப் புதுச மாட்டுங்க அண்ணாச்சி. உள்ள ஒண்ணும் இல்ல. இருந்ததெல்லாம் அன்னைக்கே போச்சுல்லா?" என்றேன். அவர் கேட்கவில்லை. "நீங்க என்ன சொன்னாலும் சரி, இந்த வண்டியில நான் சும்மா வயரக் கழட்ட மாட்டேன். அன்னைக்குப் பட்டது போதும்" என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டரில் வைத்திருந்த இன்னொரு பேட்டரியை எடுக்கப் போனார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பிடிவாதக்காரர்களோடேயே பிறந்து வளர்ந்தவள் நான், வாசலில் நிற்கிற எலக்ட்ரீசியனும் அப்படியா இருக்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டேன்.

அந்தக் கார் என் அண்ணன் வாங்கியது. அவன் கப்பலில் வேலை பார்த்தான். அப்பா திரேஸ்புரத்தில் சொந்தமாக விசைப்படகு வைத்து, தானே டிரைவராக ஓட்டினவர். மகன் தன் போட்டில்தான் ஏறுவான் என்று சின்ன வயதிலிருந்தே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவனோ படித்து முடித்த கையோடு கப்பலுக்குப் போய்விட்டான். "என் போட்டுல ஏறாதவன் என்கூடப் பேச வேண்டாம்" என்று ஒரு வார்த்தை அப்பா வாயிலிருந்து வந்தது. கோபத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் எங்கள் அப்பா சொன்ன சொல்லை விழுங்கத் தெரியாத மனிதர். அண்ணன் எந்த நாட்டிலிருந்து கூப்பிட்டாலும், அப்பாவின் போன் அடித்து அடித்து ஓயும். எடுக்க மாட்டார். அதன் பிறகு அம்மாவின் போன் அடிக்கும். அம்மா பேசும்போது பக்கத்திலேயே நின்றுகொண்டு, "சாப்புட்டானாம்மா? அங்கன குளிராமா?" என்று மட்டும் அம்மாவிடம் கேட்பார். அட, கையில் போன் இருக்கிறது, நீரே கேட்டால்தான் என்ன? அதைச் சொன்னால் எழுந்து கடற்கரைக்குப் போய்விடுவார்.

லீவில் வந்தபோது அண்ணன் அந்தக் காரைப் பழையதாக வாங்கினான். அதில் போன் பேசுவதற்கென்று ஒரு பெட்டி பொருத்தியிருந்தது. ஸ்டியரிங்கில் ஒரு பொத்தான். அதை அமுக்கினால் ஒரு பீப் சத்தம் வரும். உடனே நாம் ஒரு பேரைச் சொன்னால் பதிந்து வைத்துக்கொள்ளும், நம்பரைப் பிறகும் சொல்லலாம். பிறகு எப்போது கூப்பிட்டாலும், நாம் பதிந்த பேரை நம்முடைய குரலிலேயே திருப்பிச் சொல்லிவிட்டுப் போன் போடும். பொத்தானை விடாமல் அமுக்கிப் பிடித்தால், பதிந்த பேரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்காட்டும். அண்ணனுக்கு அது ஒரு விளையாட்டு. அம்மாவுக்கு "மகாராணி" என்று பதிந்து வைத்தான். எனக்கு "வாயாடி". அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்து அதைக் கேட்கச் செய்து, அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைப் பார்த்து அவனும் சிரிப்பான். அப்பா அந்தக் காரில் ஏறவே இல்லை. புன்னைக்காயல் கோயில் திருவிழாவுக்கு நாங்கள் மூவரும் காரில் போனோம், அவர் பின்னாலேயே பஸ்ஸில் வந்து இறங்கினார்.

அடுத்த பயணத்தில் அண்ணன் இறந்துபோனான். எங்கோ ஒரு துறைமுகத்தில், நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவன் எழவில்லை. சவப்பெட்டி வந்தது, அவன் வந்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் போனில் கடவுச்சொல் தெரியாமல் யாராலும் திறக்க முடியவில்லை. எனக்கு அவன் அனுப்பிய குரல் செய்திகள் எல்லாம் என் பழைய போனோடு மழையில் நனைந்து போயிருந்தன. என் கல்யாண வீடியோவில் அவன் வாய் திறந்து பேசுகிற இடத்திலெல்லாம் வீடியோக்காரப் புண்ணியவான் பாட்டைப் போட்டு மூடியிருந்தான். அண்ணன் குரல் இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அந்தக் காருக்குள் மட்டும்தான். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பொத்தானை அமுக்க எனக்குத் தைரியம் இல்லை. கல்யாணமாகி மாப்பிள்ளையூரணியில் இருந்த நான், ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிந்து திரேஸ்புரம் வீட்டுக்குப் போய், காரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்திவிட்டு வருவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவியைத் திருகினேன், டிக் டிக் என்றது, அவ்வளவுதான். போன வாரம்கூட ஓடிய வண்டி! எலக்ட்ரீசியன் அண்ணாச்சியைக் கூட்டிவந்தோம். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா சற்றுத் தள்ளி, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல நின்றார். அண்ணாச்சி மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "பேட்டரி அவுட்டும்மா. இது பழுதால எறங்குனதில்ல. யாரோ அடிக்கடி சாவியப் போட்டு, வண்டிய ஓட்டாம சும்மா உக்காந்திருக்காங்க" என்றார். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சாவி வீட்டுக்குள் மாதா படத்துக்குக் கீழே ஆணியில் தொங்குவது. வெளியாள் யார் எடுக்கப்போகிறார்கள்?

"புதுசு போட்டா நேரம், கீரம் எல்லாம் மாறிருமா அண்ணாச்சி?" என்று ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்டேன். அவர் ஸ்பேனரை நட்டில் வைத்துக்கொண்டே, "வயரக் கழட்டுன ஒடனே நேரம், ரேடியோ, இந்தப் பெட்டியில பதிஞ்ச பேரு எல்லாம் அழிஞ்சிரும். பெறகு நீங்க புதுசா வச்சுக்கிடலாம்" என்றார்.

"ஏலே, கைய எடு!"

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. கத்தியது அப்பா. அண்ணன் அடக்கத்துக்குப் பிறகு அவர் குரல் உயர்ந்து நாங்கள் கேட்டதே இல்லை. ஓடிவந்து அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். "தொடாத. அவன் உள்ள இருக்கான். தொடாத" என்றார். உதடு கோணிக்கொண்டு வந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அம்மா மாலையில் செபமாலை சொல்லக் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் சாவியை எடுத்துக்கொண்டு போய்க் காருக்குள் உட்கார்ந்தது இவர்தான்! உயிரோடு இருந்த மகன் கூப்பிட்டபோது ஏறாத காரில், தினமும் ஏறி உட்கார்ந்திருக்கிறார். அம்மாவோடு முன்சீட்டில் அவன் விளையாடியதை அத்தனை நாளும் சன்னல் வழியாகப் பார்த்தே பொத்தானைத் தெரிந்துவைத்திருக்கிறார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

அண்ணாச்சி நல்ல மனிதர். விஷயத்தைப் புரிந்துகொண்டு, "அழியாமச் செய்யலாம் டிரைவரே, பதறாதீங்க. வண்டிய இழுக்கக் காணாட்டியும் இதுல கொஞ்சம் உயிர் இருக்கு, பெட்டி அதுலதான் முழிச்சுக்கிட்டு இருக்கு" என்றார். கடையிலிருந்து இன்னொரு பேட்டரியைக் கொண்டுவந்து கீழே வைத்தார். அதிலிருந்து ஒரு சிவப்பு வயர், ஒரு கறுப்பு வயர். சிவப்பை வண்டியின் பிளஸ் வயர் முனையிலும், கறுப்பை மைனஸ் வயர் முனையிலும் கவ்வவிட்டார். யாரும் கதவைத் திறக்கக்கூடாது, விளக்கு எரியக்கூடாது என்றார். அதன் பிறகுதான் பழைய பேட்டரியின் நட்டைத் தளர்த்தி, கவ்வியது கழன்றுவிடாமல் முனைகளை மெல்லத் தூக்கினார். பிளஸ் முனை வண்டியின் தகரத்தில் பட்டால் எல்லாம் போச்சு என்று சொல்லி, அதில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி என் கையில் கொடுத்தார். மாதாவே, என் ஆயுளில் எதையும் அப்படிப் பிடித்ததில்லை. பழையதை வெளியே எடுத்து, புதியதை இறக்கி, முனைகளை முறுக்கி, கடைசியில் இரண்டு வயர்களையும் எடுக்கும்வரை அப்பா மூச்சுவிட்டாரா என்று எனக்குச் சந்தேகம். அவர் கண் அந்தச் சிவப்பு வயரை விட்டு அசையவே இல்லை.

"அமுக்கிப் பாருங்க" என்றார் அண்ணாச்சி. அப்பாதான் உள்ளே ஏறிப் பொத்தானை அமுக்கிப் பிடித்தார். "மகாராணி" என்றான் அண்ணன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வாயாடி" என்றான். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒரு நொடி கழித்து இன்னொன்று வந்தது. "அப்பா... இன்னைக்காவது போன எடுங்கப்பா."

அப்படி ஒன்றை அவன் பதிந்து வைத்திருந்தது எனக்கோ அம்மாவுக்கோ தெரியாது. அப்பா மட்டும் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் முதல் தடவையாகக் கேட்கிறோம், அவர் எத்தனையாவது தடவையாகக் கேட்கிறாரோ.

கிளம்பும்போது அண்ணாச்சி சொன்னார்: "ஓட்டாமச் சும்மா வச்சிருந்தா இதுவும் எறங்கிரும். சுத்தமா எறங்கிச் செத்துச்சுன்னா உள்ள இருக்கது போயிரும். பாத்துக்கிடுங்க டிரைவரே." அக்கறையில் சொன்ன வார்த்தைதான். யாரையும் குறை சொல்ல முடியாது.

அடுத்த ஞாயிறு நான் போனபோது அப்பா வாசலிலேயே காத்திருந்தார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, திருவிழாவுக்குக் கிளம்பினவர்போல இருந்தார். "வா, வா. இந்த வாரம் முழுக்க நான் கேக்கல. அடக்கிக்கிட்டு இருந்துட்டேன். ஒரு சொட்டு எறங்கியிருக்காது" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே பெருமையோடு பானெட்டைத் தூக்கிக் காட்டினார்.

ஐயோ! மைனஸ் வயர் பேட்டரியிலிருந்து கழன்று கிடந்தது. அதன் முனையில் சிவப்புத் துணியைச் சுற்றி, நைலான் கயிற்றால் அழகாக முடிச்சுப் போட்டு, ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார். பக்கத்தில் இந்த ஸ்பேனர்.

போட்டுக்காரர்களின் பழக்கம் அது. கரைக்கு வந்து நங்கூரம் போட்டதும் முதல் வேலை, பேட்டரி வயரைக் கழற்றுவது. உப்புக்காற்றில் வயர் களிம்பு பூத்து, நிற்கிற இடத்திலேயே பேட்டரி இறங்கிவிடும். கழற்றி வைத்தால் மறுபடி கடலுக்குப் போகிற நாள்வரை சிந்தாமல் நிற்கும். ஆயுசெல்லாம் அப்பா அதைத்தான் செய்தார். அன்றைக்கு இரண்டு பேட்டரிக்கும் நடுவில் வயர் ஓடியதைப் பார்த்தவர், ஒரு கேனிலிருந்து இன்னொரு கேனுக்கு டீசலை மாற்றுவதுபோல, மகனின் குரலைப் பழைய பேட்டரியிலிருந்து புதியதற்கு மாற்றுகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். குரல் பேட்டரிக்குள் இருக்கிறது, அது ஒழுகிவிடக்கூடாது என்று, அண்ணாச்சி போன அன்றைக்கு மாலையே வயரைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டார்.

துணியை அவிழ்த்து, வயரை மாட்டி முறுக்கினேன். அப்பா ஏறி உட்கார்ந்து, சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, பொத்தானை அமுக்கினார். கடிகாரத்தில் வெறும் சைபர். பெட்டிக்குள்ளிருந்து கம்பெனிக்காரப் பெண் ஒருத்தி இங்கிலீஷில், பேர் எதுவும் இல்லை என்றாள். பதியச் சொல்லிப் பீப் என்றது. அப்பா என்னைப் பார்த்தார். "வேற யாரோ பேசுதா. இன்னொரு தடவ அமுக்கட்டா?" அமுக்கினார். மறுபடியும் அவளே. மறுபடியும் அமுக்கினார்.

"அப்பா, குரல் பேட்டரிக்குள்ள இல்லப்பா. பெட்டிக்குள்ள. பேட்டரி அதுக்கு மூச்சு மாதிரி. நீங்க கழட்டுன ஒடனே..." அவர் கை பொத்தானிலிருந்து வழுக்கி மடியில் விழுந்தது. "அப்போ நாந்தானா?" என்றார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அதற்குள் அம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு, "உயிரோட இருந்தப்ப அவன் போன எடுக்கல. செத்தும் ஒம்மட்டப் பேசுனான், அதையும் அறுத்துப் போட்டுட்டீரே!" என்று அலறினாள். சொல்லக்கூடாத சொல். சொன்ன மறுநிமிஷமே அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அது அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

நான் கதவை மூடப் போனபோது அப்பா உள்ளிருந்து கேட்டார்: "இது பீப்னு கேக்குதே, யாரு சொன்னாலும் பதிஞ்சுக்கிடுமா?"

"பதிஞ்சுக்கிடும். சொல்லுததுக்குத்தான் ஆளு இல்ல" என்றேன்.

அதன் பிறகு அப்பா காரைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. சாவியைத் தொட்டதாகவும் எங்களுக்குத் தெரியாது. மறு மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்தார், எழவில்லை. அம்மாவை நான் மாப்பிள்ளையூரணிக்கு என்னோடு கூட்டிக்கொண்டு வந்தேன், காரையும் கொண்டுவந்தேன். ஓட்டாமல் வைத்தால்தானே செத்துப்போகும் என்று தினமும் அதிலேயே வேலைக்குப் போய்வந்தேன். அந்தப் பொத்தானின் மேல் மட்டும் ஒரு பிளாஸ்திரியை ஒட்டிவிட்டேன். அந்தக் கம்பெனிக்காரி, பேர் எதுவும் இல்லை என்று இன்னொரு தடவை சொல்லி நான் கேட்கத் தயாராக இல்லை.

இதெல்லாம் தெரிந்த மனிதர்தான் போன வாரம் என் வாசலில் நின்ற எலக்ட்ரீசியன் அண்ணாச்சி. "எறங்கிச் செத்துச்சுன்னா போயிரும்னு சொன்னது நான்தானம்மா. என் வாய் சும்மா கெடந்திருக்கலாம்" என்று இன்றைக்கும் சொல்லி மருகுகிறவர். அப்பாவின் ஸ்பேனரை, கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டுதான் பிடித்தார். ஸ்கூட்டரிலிருந்து கொண்டுவந்த பேட்டரியைக் கீழே வைத்து, சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் அன்றைக்குக் கவ்வவிட்டதுபோலவே கவ்வவிட்டார். காலிப் பெட்டிக்கு எதற்கு இத்தனை சடங்கு என்று நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கட்டத்தில், "விடுங்க அண்ணாச்சி, நானே இழுத்துக் கழட்டுதேன்" என்று கையைக்கூட நீட்டிவிட்டேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

வேலை முடிந்தது. ஸ்பேனர் கையில் இருக்க, கதவைத் திறந்து உள்ளே குனிந்து, "எல்லாம் இருக்கான்னு பாத்திருவோம்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் பிளாஸ்திரியின் மேலேயே கட்டைவிரலை வைத்து அமுக்கிப் பிடித்துவிட்டார். நான் கம்பெனிக்காரியின் குரலுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் கோயில் மணிச் சத்தம் தூரத்தில் கேட்டது. திரேஸ்புரத்து மணி, மாலை மணி. பிறகு ஒரு தொண்டைச் செருமல். அந்தச் செருமலை எனக்குத் தெரியும். பிறகு அவசரமாக, பீப் சத்தத்துக்குப் பிந்திவிடக்கூடாது என்ற பதற்றத்தோடு, என் அப்பா பேசினார்.

"எடுத்துட்டேம் மக்கா... சொல்லு."

அண்ணாச்சியின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. கீழே விழவில்லை. அவர் மணிக்கட்டிலிருந்து நீலக் கயிற்றில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் நான் இழுத்துக் கழற்ற நீட்டிய கையைப் பார்த்தேன், அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அடுப்படியில் பாத்திரம் உருளும் ஓசை கேட்டது. "ஏளா, யாரு வந்திருக்கது? ஒங்கப்பா சத்தம்லா கேட்டுச்சு?" என்று கேட்டபடி, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அம்மா வாசலுக்கு வந்துகொண்டிருந்தாள்.